இறக்கும்போது மட்டும் நடுங்கும் கை

ஒரே லிஃப்ட், ஒரே நாள். காலை பத்தரை மணிக்கு என் வலது கை நடுங்கியது. மதியம் மூன்று மணிக்கு நடுங்கவில்லை. நடுவில் நான் மதியச் சாப்பாடு சாப்பிட்டேன், அவ்வளவுதான். அதுவும் தினம் சாப்பிடுகிற சாப்பாடுதான்.

நான் லிஃப்ட் மெக்கானிக். பதினொரு வருடமாக இதே நிறுவனத்தில். எங்கள் தொழிலில் ஒரேயடியாக நின்றுபோன லிஃப்ட் நல்ல லிஃப்ட்; எங்கே கோளாறு என்று அது காட்டிக்கொடுத்துவிடும். நாம் போகிற நேரம் பார்த்து ஒழுங்காக ஓடிவிட்டு, நாம் வாசலைத் தாண்டியதும் நிற்கிறதே, அதுதான் உயிரை வாங்கும். என் கை அந்த இரண்டாவது ரகமாகிவிட்டது.

லிஃப்டில் போகிறவர்கள் உள்ளே நிற்பார்கள். பழுது பார்க்கிற நாங்கள் அதன் கூரைமேல் நிற்போம். அந்தக் கூரையில் ஒரு சின்னப் பெட்டி இருக்கும். அதிலுள்ள சுவிட்சைத் திருப்பிவிட்டால், அதன் பிறகு எந்த மாடியில் யார் எந்தப் பட்டனை அழுத்தினாலும் லிஃப்ட் காதில் வாங்காது. பெட்டியிலுள்ள இரண்டு பட்டன்களுக்கு மட்டும்தான் கட்டுப்படும்: ஒன்று மேலே, ஒன்று கீழே. அழுத்திக்கொண்டிருக்கும்வரை மெல்ல நகரும். விரலை எடுத்தால் நின்றுவிடும். எளிமையான, அழகான ஏற்பாடு. என் கை கீழே இறக்கும் பட்டனில்தான் நடுங்கியது. மேலே ஏற்றும் பட்டனில் ஒருநாள்கூட இல்லை.

கோளாறு பிடிபடவில்லை என்றால் பட்டியல் போடு என்பது தொழில் பாடம். ஒரு நோட்டில் கட்டம் கட்டினேன். தேதி, மணி, கட்டடம், எத்தனையாவது மாடி, வெயிலா மழையா, எத்தனை டீ, முந்தைய இரவு எத்தனை மணி நேரத் தூக்கம், ஹார்மோன் மாத்திரை போட்ட நேரம். நான்கு மாதத்தில் அறுபத்துமூன்று வரிகள். நரம்பு டாக்டர் ஒருவர் தலை முதல் விரல் வரை பார்த்துவிட்டு, நரம்பில் ஒன்றுமில்லை, மனநல டாக்டரைப் பாருங்கள் என்று சொன்னதையும் எழுதி வைத்தேன். அறுபத்துமூன்று வரியையும் முன்னும் பின்னும் புரட்டிப் பார்த்தும் ஒன்றும் பிடிபடவில்லை.

அதற்குள் மேற்பார்வையாளர் கூப்பிட்டு அனுப்பினார்.

"கை நடுங்குதாமே?"

"யார் சார் சொன்னது?"

"ஸ்பேனர்தான் சொன்னான்."

ஸ்பேனர் என்னோடு ஜோடியாக வேலை செய்கிறவன். கல்யாண வீட்டுக்குப் போனாலும் பின்பாக்கெட்டில் ஒரு ஸ்பேனரோடு போகிறவன் என்பதால் அந்தப் பெயர். எட்டு வருடம் ஒரே பைக்கில் போய், ஒரே டிபன் பாக்ஸில் சாப்பிட்டவர்கள் நாங்கள். போன வருடம் என் அடையாள அட்டையில் பெயரும் படமும் மாறின. மாத்திரை சாப்பிடத் தொடங்கி ஆறு வருடம், வீட்டிலும் வெளியிலும் நான் பெண்ணாக வாழ்ந்து நாலு வருடம். வேலையிடத்துக்கு மட்டும்தான் அந்தச் செய்தி தாமதமாக வந்தது. அட்டை மாறிய நாளிலிருந்து ஸ்பேனர் என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. ஏதாவது வேண்டுமென்றால் ஸ்பேனரால் இரும்பில் தட்டுவான். ஒரு தட்டு என்றால் சரி. இரண்டு என்றால் டார்ச். மூன்று என்றால் சாப்பிடப் போகிறேன். என்னிடம் பேச மாட்டான். என்னைப் பற்றிப் பேசுவான்.

"ஒரு மாசம் தரேன்," என்றார் மேற்பார்வையாளர். "மனநல டாக்டரோ ஆலோசகரோ யாரையாவது பாத்து, நீ ஷாஃப்ட்ல வேலை செய்யலாம்னு பேப்பர் வாங்கிட்டு வா. இல்லன்னா ஸ்டோர் ரூமுக்குப் போயிடு. அங்க ஃபேன் இருக்கு, நாற்காலி இருக்கு. உன் நல்லதுக்குத்தான் சொல்றேன்."

ஸ்டோர் ரூம் தரைக்குக் கீழே இருக்கிறது. அங்கே நட்டு போல்ட்டை எண்ணி டப்பாவில் போடலாம். நான் அதற்காகத் தொழில் கற்கவில்லை. ஷாஃப்ட் என்பது கட்டடத்துக்குள் அடி முதல் உச்சி வரை இருக்கிற கிணறு. அதற்குள்தான் லிஃப்ட் ஓடுகிறது. மோட்டார்தான் முழுப் பாரத்தையும் தூக்குகிறது என்று எல்லோரும் நினைக்கிறார்கள். இல்லை. கயிற்றின் மறுமுனையில் ஒரு எடைக்கட்டு தொங்குகிறது, பாதி ஆட்கள் ஏறிய லிஃப்ட் என்ன கனமோ கிட்டத்தட்ட அந்தக் கனத்தில். தராசின் இரண்டு தட்டு மாதிரி. மோட்டார் அந்த வித்தியாசத்தை மட்டும்தான் தள்ளுகிறது. காலி லிஃப்டின் பிரேக்கை விடுவித்தால் அது கீழே விழாது, மேலே போகும்! இதை முதல்முறை பார்த்த அன்று எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. பதினொரு வருடம் ஆகியும் அந்தச் சிரிப்பு தீரவில்லை. இதை விட்டுவிட்டு நான் எங்கே போவது?

ஆகவே டாக்டரைத் தேடிப் போனேன்.

முதல் டாக்டர் பெரிய மருத்துவமனையில் இருந்தார். என் கோப்பைத் திறந்தார். முகத்தைப் பார்த்தார், மறுபடி கோப்பைப் பார்த்தார்.

"ஹார்மோன் மாத்திரை எடுக்கறீங்களா?"

"ஆமா சார். ஆறு வருஷமா."

"நடுக்கம் எத்தனை நாளா?"

"நாலு மாசமா."

"அதான். மாத்திரைய நிறுத்திப் பாருங்க."

"சார், புதுசா மாட்டின சாமான்மேல பழி போடறது எங்க தொழில்லயும் உண்டு. ஆனா இது ஆறு வருஷப் பழசு. அதுவா இருந்தா ஏத்தறப்பவும் நடுங்கணுமே? இறக்கறப்ப மட்டும் ஏன் நடுங்குது?"

நோட்டை நீட்டினேன். அவர் கையில் வாங்கவில்லை. "முதல்ல உங்க அடிப்படைக் குழப்பத்த சரி பண்ணுவோம். மத்ததெல்லாம் தானா சரியாயிடும்," என்றார்.

"எனக்கு ஒரே குழப்பம்தான் சார், அது அறுபத்துமூணு வரியில இந்த நோட்டுக்குள்ள இருக்கு. நீங்க அதைத் தவிர எல்லாத்தையும் பாக்கறீங்க." எழுந்து வந்துவிட்டேன். தூக்கத்துக்கு அவர் முதலிலேயே எழுதித் தந்த மாத்திரை மட்டும் உபயோகமாக இருந்தது. அதை மறைக்கக் கூடாது.

இரண்டாவதாகப் போனது ஒரு ஆலோசகரிடம். அவர் நல்லவர். அதுதான் சிக்கல். அறை முழுக்க மெத்தை, மேஜையில் டிஷ்யூ பெட்டி. சின்ன வயதில் எப்படி உணர்ந்தேன், அப்பா அடித்தாரா, அம்மா அழுதாளா, கண்ணாடி முன்னால் நின்றபோது என்ன தோன்றியது என்று கேட்டுக்கொண்டே போனார். நான் பதில் சொல்லச் சொல்ல அவர் கண் கலங்கியது. டிஷ்யூவை எடுத்து நான்தான் அவருக்குக் கொடுத்தேன். மூன்றாவது சந்திப்பில், "உங்க தைரியத்தப் பத்தி எங்க மாணவர்கள்கிட்ட வந்து பேசுவீங்களா?" என்று கேட்டார்.

"பேசறேன். கை நடுங்குமே, பரவாயில்லையா?"

"கையா?" என்றார்.

இரண்டு பேர், நான்கு சந்திப்புகள்! ஒருவர் என்னை நோயாகப் பார்த்தார், இன்னொருவர் என்னைக் கதையாகப் பார்த்தார். கையை யாரும் பார்க்கவில்லை. ஒரு மாதத்தில் பதினெட்டு நாள் போயிருந்தது.

அன்று சாயங்காலம் அக்கா வீட்டுச் சமையலறையில் உட்கார்ந்திருந்தேன். அக்கா பஸ் ஓட்டுகிறவள். நகரத்தின் நெரிசலில் பதினாறு வருடம் பஸ் ஓட்டினால் ஒரு பெண்ணுக்கு எந்த மாதிரி வாய் வருமோ, அந்த மாதிரி வாய்.

"ஏண்டி, வயர்ல கரண்ட் இருக்கா இல்லையான்னு பாக்க நீ என்ன பண்ணுவ?"

"டெஸ்டர் வெச்சுப் பாப்பேன்."

"டாக்டருக்கு மட்டும் ஏன் டெஸ்டர் வெக்காம நேரா கைய நீட்டற? அதான் ஷாக் அடிக்குது."

அக்கா சொன்னது சரியாகப்பட்டது. இருவரும் உட்கார்ந்து ஒரு கேள்வியைத் தயார் செய்தோம். நேரில் போய் மூன்று வாரம் வீணாக்குவதற்குப் பதில், போனிலேயே அரை நிமிடத்தில் ஆளைச் சோதித்துவிடுகிற கேள்வி. அது இதுதான்: "எனக்குக் கை நடுங்குது. நான் திருநங்கை. நீங்க இதுல எதைப் பாப்பீங்க?" அவ்வளவுதான். அதற்கு வருகிற முதல் பதிலை வைத்தே ஆளைத் தெரிந்துகொள்ளலாம்.

மனநலம் பார்க்கிறவர்களின் எண்களை அக்கா இரண்டு நாளில் திரட்டிவிட்டாள், பாதி அவள் பஸ்ஸில் வருகிற நர்ஸுகளிடம் கேட்டு. ஸ்பீக்கரில் போட்டுக் கூப்பிட்டோம்.

"நாங்க அந்த மாதிரி கேஸ் எடுக்கறதில்லைங்க."

"எந்த மாதிரி? கை நடுங்கற மாதிரியா?" வைத்துவிட்டார்.

"ரெண்டாவத சரி பண்ணா முதலாவது தானா சரியாயிடும்," என்றார் அடுத்தவர்.

"ரெண்டாவது ரிப்பேர் இல்லீங்க," என்று நானே வைத்துவிட்டேன்.

"ரெண்டும் ஒண்ணுதானே மேடம்... சார்... ஹலோ?"

இன்னொருவர், "உங்க வீட்ல பொறுப்பான ஆள் யாராவது இருந்தா போனக் குடும்மா," என்றார். அக்கா போனைப் பிடுங்கினாள். "பொறுப்பான ஆள்தான் பேசறேன். தினம் அறுநூறு பேரை உயிரோட இறக்கி விடறேன். நீ எத்தனை பேர இறக்கி விட்ட?"

"அக்கா, சோதனை பண்றோம். சண்டை போடல."

"ரெண்டும் ஒண்ணாவே நடக்கட்டும்."

பதினாலாவது எண். ஒரு இளம் பெண் குரல். கேள்வியைக் கேட்டேன்.

"கை எப்ப நடுங்குது? எப்பவுமேவா, இல்ல ஏதாவது செய்யறப்பவா?"

அக்கா கரண்டியை மேஜையில் போட்டாள். "லைட் எரியுதுடி," என்றாள்.

போனில் பேசிய அந்தப் பெண் ஆலோசகரின் அறை ஒரு கண்ணாடிக் கடைக்கு மேலே, மாடிப்படி ஏறியதும் இருந்தது. இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி, ஒரு மேஜை. சத்தம் போடும் ஒரு மின்விசிறி. அதன் பேரிங் போய்விட்டது, உட்காரும்போதே சொன்னேன். அவளுக்கு என்னைவிட நாலைந்து வயது குறைவாக இருக்கும்.

"உங்கள எப்படிக் கூப்பிடணும்னு சொல்லுங்க," என்றாள். பெயரைச் சொன்னேன். மூன்றெழுத்துப் பெயர், சின்னப் பிள்ளைகூடச் சொல்லிவிடும். ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டாள். "சரி. திருநங்கைன்னு போன்ல சொன்னீங்க. அதப் பத்திப் பேசணும்னா நீங்களா எடுங்க, நானா நோண்ட மாட்டேன். கையப் பத்தி ஏதாவது எழுதி வெச்சிருக்கீங்களா?"

எழுதி வைத்திருக்கிறேனா! நோட்டைக் கொடுத்தேன். அறுபத்துமூன்று வரியையும் படித்தாள், இடையில் ஒரு வார்த்தை பேசாமல். பிறகு, "எனக்கு லிஃப்ட் எப்படி ஓடுதுன்னு தெரியாது. புரியற மாதிரி சொல்லுங்க," என்றாள்.

என்னிடம் இப்படிக் கேட்டால் நான் விடுவேனா? பேப்பர் வாங்கிப் படம் போட்டேன். கிணறு, கயிறு, எடைக்கட்டு, கூரை, பெட்டி. அடியில் இருக்கிற குழி. ஷாஃப்டில் தரைத்தளத்துக்கும் கீழே ஓராள் உயரத்துக்குக் குழி உண்டு. அதில் ஸ்பிரிங் தூண்கள் நிற்கும். லிஃப்ட் தவறிக் கீழே வந்தாலும் அவற்றின்மேல் உட்காரும். அந்தத் தூண்களுக்குப் பக்கத்தில் ஒரு ஆள் ஒடுங்கிப் படுக்கிற இடம் வேண்டுமென்றே விட்டிருப்பார்கள் என்று சொன்னேன்.

"ஆள் படுக்கறதுக்கா? குழிக்குள்ள ஆள் எதுக்கு?"

"அங்கயும் வேலை இருக்கும். ஒருத்தர் கூரைமேல, ஒருத்தர் குழியில. ஜோடியாத்தான் போவோம்."

அவள் நோட்டைத் திருப்பி என் பக்கம் வைத்தாள். "டீ எத்தனை குடிச்சீங்கன்னு எழுதியிருக்கீங்க. மழை எழுதியிருக்கீங்க. இறக்கறப்ப கீழ யார் இருந்தாங்கன்னு ஒரு வரியிலயும் இல்லையே?"

இதைப் படிக்கிற உங்களிடமும் இதுவரை நான் அதைச் சொல்லவில்லை. யாரும் கேட்காததால், அதைப் பட்டியலில் சேர்க்க வேண்டுமென்றே எனக்குத் தோன்றவில்லை.

ஐந்து மாதத்துக்கு முன்னால் ஒருநாள் நான் கூரைமேல் நின்றேன். ஸ்பேனர் கீழே. "இறக்கவா?" என்று கத்தினேன். கீழேயிருந்து 'டங்' என்று ஒரு தட்டு. ஒரு தட்டு என்றால் சரி. ஏழு மாதமாக எங்களுக்குள் அதுதானே மொழி? பட்டனை அழுத்தினேன். லிஃப்ட் இறங்கியது. ஸ்பேனர் எனக்குப் பதில் சொல்லவில்லை. குழிக்குள் துருப்பிடித்த ஒரு போல்ட்டைத் தட்டிக் கழற்றிக்கொண்டிருந்தான். குழிக்குள் இறங்குகிறவர் முதலில் அங்கிருக்கும் சிவப்புப் பட்டனை அழுத்த வேண்டும். அழுத்தினால் மேலே நான் என்ன செய்தாலும் லிஃப்ட் அசையாது. அவன் அதை அழுத்தவில்லை. இரண்டு நிமிட வேலை என்று நினைத்திருப்பான்.

அவன் அலறியதும் விரலை எடுத்தேன். அவன் முதுகுக்கும் லிஃப்டின் அடிப்பாகத்துக்கும் நடுவில் ஒரு சாண் இருந்தது. ஏழு மாதத்தில் அவன் வாயிலிருந்து வந்த முதல் சொல் அந்த அலறல்தான். அது என் பழைய பெயர்.

வெளியே ஏறி வந்தான். முழங்காலைத் துடைத்தான். மூன்று தட்டு தட்டிவிட்டுச் சாப்பிடப் போனான். யாரிடமும் அவன் சொல்லவில்லை, சொன்னால் சிவப்புப் பட்டன் கதை வெளியே வரும். நானும் சொல்லவில்லை. ஆளுக்கு ஒன்றும் ஆகவில்லையே, முடிந்தது என்று நினைத்தேன். மூன்று வாரம் கழித்து நடுக்கம் வந்தது. வேறு ஆட்களோடு போகும்போதும் வந்தது. அதனால் அதையும் இதையும் நான் சேர்த்துப் பார்க்கவேயில்லை.

சொல்லி முடித்தேன். அவள் டிஷ்யூவைத் தேடவில்லை. தண்ணீர் ஊற்றிக் கொடுத்துவிட்டு, நான் குடித்து முடிக்கும்வரை காத்திருந்தாள்.

"இப்ப இந்த வரி," என்றாள். ஒரே லிஃப்ட், ஒரே நாள், பத்தரையும் மூன்றும். "ரெண்டு தடவையும் கீழ அவர்தானா?"

"அவன்தான்."

"காலையில எப்படி பதில் சொன்னார்?"

"தட்டினான்."

"மூணு மணிக்கு?"

யோசித்தேன். மூன்று மணிக்கு அவன் தட்டக்கூட இல்லை. தரைத்தளத்தில் வாசலோரம் நின்று மனைவியோடு போனில் சண்டை போட்டுக்கொண்டிருந்தான். சாவியை யார் தொலைத்தது என்று. "நான் எங்கடி எடுத்தேன், நீதான் பைக்குள்ள போட்டே!" ஷாஃப்ட் முழுக்க எதிரொலித்தது. அவன் குழிக்குள் இல்லை, வெளியே நிற்கிறான் என்று என் காதுக்குத் தெரிந்தது. கைக்கும் தெரிந்திருக்கிறது.

மற்ற வரிகளையும் எடுத்தோம். அன்று யார் வந்தது, என்ன பேசியது என்று நினைவிருந்தவரைக்கும் எழுதினோம். வாய் ஓயாத ஒரு வயரிங்காரன் வந்த ஆறு நாளும் நடுக்கமில்லை. கட்டைவிரலை மட்டும் உயர்த்திக்காட்டும் ஒருவன் வந்த நாலு நாளும் நடுக்கம். நாற்பது வரி நினைவில் இருந்தது, நாற்பதிலும் அதே கணக்குதான். கீழே இருப்பவரின் குரல் கேட்டால் நடுக்கம் இல்லை. கேட்காவிட்டால் உண்டு.

எனக்குக் கோபம் வந்தது. "அப்ப இது நான் திருநங்கைங்கறதால வந்ததுதானே? நான் பேரை மாத்தினதாலதான் அவன் பேச்ச நிறுத்தினான். அந்த டாக்டர் சொன்னது சரிதானா?"

"நீங்க திருநங்கைங்கறதால கை நடுங்கல. கூட வேலை செய்யறவர் பதில் சொல்லாததால நடுங்குது. அவர் ஏன் பதில் சொல்லலைங்கறது அவரோட கோளாறு. அவர் வரட்டும், அவருக்கும் நேரம் ஒதுக்கித் தரேன்."

நான் சிரித்துவிட்டேன். ஐந்து மாதத்தில் அந்தச் சம்பவத்தின் பக்கத்தில் வந்த முதல் சிரிப்பு.

பேப்பரில் என்ன எழுத வேண்டும் என்பதையும் இருவரும் சேர்ந்துதான் முடிவு செய்தோம். எழுதி வாசித்துக் காட்டிவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டாள். நான் ஷாஃப்ட் வேலைக்குத் தகுதியானவள். கூரைமேல் நான் இருக்கும்போது கீழே இருப்பவர் வாயால், என் பெயர் சொல்லி, தான் எங்கே இருக்கிறார் என்று சொல்ல வேண்டும். நான் சொன்ன கட்டளையைத் திருப்பிச் சொல்ல வேண்டும். அந்தச் சாண் இடைவெளி கனவில் வருகிற இரவுகள் இருந்தன. அதற்காக வாரம் ஒருமுறை அவளிடம் தொடர்ந்து வருவது என்றும் பேசிக்கொண்டோம்.

மேற்பார்வையாளரிடம் பேப்பரைக் கொடுத்தேன். குழியில் நடந்ததையும் சொன்னேன், சிவப்புப் பட்டன் உட்பட. அவர் முகம் கொஞ்சம் வெளுத்தது. ஆனால் பேப்பரைத்தான் குறை சொன்னார்.

"பேர் எதுக்கு? சரின்னு சொன்னா போதாதா?"

"சரின்னு யாருக்கு வேணா சொல்லலாம் சார். போன்ல பொண்டாட்டிக்குக்கூடச் சொல்லலாம். பேர் சொன்னாத்தான் எனக்குச் சொன்னதுன்னு எனக்குத் தெரியும்."

"அவன்கிட்ட எப்படிச் சொல்றது... அவனுக்கும் மனசு ஆற டைம் குடும்மா. பாக்கலாம்." பேப்பர் மேஜை டிராயருக்குள் போனது. அந்த டிராயருக்குள் போன எந்தப் பேப்பரும் வெளியே வந்து நான் பார்த்ததில்லை.

திங்கட்கிழமை பதினோரு மாடி அலுவலகக் கட்டடம் ஒன்றில் வேலை. ஸ்பேனர் கீழே. நான் இரண்டாவது மாடி உயரத்தில், கூரைமேல்.

"இறக்கப்போறேன். குழியில யாராவது இருக்கீங்களா?"

டங்.

பெட்டியின் ஓரத்தில் ஒரு நிறுத்து பட்டனும் உண்டு, அதை அழுத்தினேன். கருவிப் பையைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்தேன்.

டங். டங்.

"தட்டறது மரங்கொத்தியா மனுஷனா? மனுஷன்னா பேரச் சொல்லிப் பேசு."

பத்து நிமிடம் ஆனது. மேலே மாடிகளில் கதவைத் தட்டத் தொடங்கினார்கள். "எவ்வளவு நேரம்ங்க?" "ஒன்பதாவது மாடிக்குப் போகணும்ங்க!" "படி ஏறுனா உடம்புக்கு நல்லதுங்க," என்று பதிலுக்குக் கத்தினேன். அரை மணி நேரத்தில் மேற்பார்வையாளர் மூச்சு வாங்க வந்து, இரண்டாவது மாடிக் கதவைச் சாவி போட்டுத் திறந்து எட்டிப் பார்த்தார்.

"என்ன பண்ற நீ?"

"பதிலுக்குக் காத்திட்டிருக்கேன் சார்."

"ஸ்டோருக்கு அனுப்பிடுவேன், ஆமா!"

"அனுப்புங்க. ஆனா எழுதிக் குடுங்க. 'கீழ இருந்தவன் பதில் சொல்லல, அதனால மேல இருந்தவள ஸ்டோருக்கு அனுப்பறேன்'னு எழுதி கையெழுத்துப் போடுங்க."

நான் பக்கத்திலிருந்த கதவின் பூட்டுத் தொடர்பைக் காட்டினேன். எல்லா மாடியிலும் இது உண்டு. கதவு முழுதாக மூடினால்தான் இதில் கரண்ட் பாயும். ஒரு கதவு ஒரு விரல் திறந்திருந்தாலும் லிஃப்ட் அசையாது. சோம்பேறி மெக்கானிக் இதில் ஒரு துண்டு வயரை மாட்டி, மூடாத கதவை மூடியதாகக் காட்டி ஓட்டிவிடுவான். எங்கள் தொழிலில் அதைவிடப் பெரிய பாவம் கிடையாது.

"இதுல வயர் மாட்டி ஓட்டினா என்ன சார் பண்ணுவீங்க?"

"அன்னிக்கே வேலைய விட்டுத் தூக்குவேன்."

"என் கையும் இதுதான் சார். கீழ ஆள் எங்க இருக்கான்னு தெரியலன்னா ஓடாது. அது பழுது இல்ல, பாதுகாப்பு. நீங்க ஒரு மாசமா அதுல வயர் மாட்டச் சொல்றீங்க."

அவர் அந்தத் தொடர்பைப் பார்த்தார். பிறகு ஷாஃப்டுக்குள் தலையை நீட்டினார்.

"டேய்! சொல்லித் தொலைடா!"

"வாய்ல வர மாட்டேங்குது சார்," என்றது கீழேயிருந்து குரல். அவன் அவரோடுதான் பேசினான்.

"மூணு எழுத்துடா," என்றேன். "உன் பொண்டாட்டி தொலைச்ச சாவியப் பத்தி அரை மணி நேரம் பேச வருதே? எனக்கு உன் பாசம் வேணாம், மன்னிப்பு வேணாம். நீ எங்க நிக்கறன்னு மட்டும் வேணும். அன்னிக்கு ஒரு சாண்டா. உன் உயிருக்குத்தான் கேக்கறேன், எனக்கு இல்ல."

கீழேயிருந்து கரகரத்த குரலில் என் பெயர் வந்தது. மூன்றெழுத்தும் வந்தது.

"...குழிக்குள்ளதான் இருக்கேன். சிவப்ப அழுத்தியிருக்கேன். இறக்காத."

"இறக்கல," என்றேன்.

ஏணியில் காலடிச் சத்தம். கதவுச் சத்தம். மறுபடியும் என் பெயர், இம்முறை கொஞ்சம் சரளமாக. "வெளிய வந்துட்டேன். தரைத்தளத்துல நிக்கறேன். சிவப்ப எடுத்துட்டேன். இறக்கலாம்."

"இறக்கறேன்."

"இறக்கு."

மேற்பார்வையாளர் இரண்டாவது மாடிக் கதவை மூடினார், நான் நிறுத்து பட்டனை விடுவித்தேன்.

பட்டனை அழுத்தினேன். லிஃப்ட் மெல்லக் கீழே போனது. நான் கையைப் பார்க்கவில்லை, கயிற்றைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். தரைத்தளம் வந்து நின்ற பிறகுதான் கவனித்தேன், பார்க்க எதுவும் இருக்கவில்லை.

சாயங்காலம் மேற்பார்வையாளர் டிராயரைத் திறந்து பேப்பரை எடுத்தார். அதிலிருந்ததை எல்லா ஜோடிகளுக்குமான விதியாகத் தட்டச்சு செய்து, என் முன்னாலேயே கையெழுத்துப் போட்டார். ஸ்பேனர் அந்த விதிக்கு மேல் என்னிடம் ஒரு வார்த்தையும் பேசுவதில்லை. நானும் கேட்பதில்லை.

அந்த விதி இது. கூரைமேல் இருப்பவர் பெயர் சொல்லிக் கேட்க வேண்டும். கீழே இருப்பவர் பெயர் சொல்லி, தான் நிற்கும் இடத்தைச் சொல்லி, கட்டளையைத் திருப்பிச் சொல்ல வேண்டும். தட்டுவதும் கட்டைவிரல் காட்டுவதும் பதில் ஆகாது. பதில் வரும்வரை லிஃப்ட் நகராது. இதன்படி இதுவரை இருநூறு தடவைக்கு மேல் இறக்கியிருக்கிறேன், கை நடுங்கவில்லை.